பொட்டு வைத்த மெஷின் ஓடாது

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து "போனாப் போவுது விடும்மா" என்று யாரும் எனக்குப் புத்தி சொல்லக் கூடாது. அவனை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் கேன்டீனில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தால் எனக்குச் சாம்பார் சாதம் தொண்டையில் இறங்குவதில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சோலார் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. முன்பக்கம் பெரிய ஷெட். அங்கே எல்லோரும் மொட்டை மாடியில் பார்க்கிற வழக்கமான பேனல்கள் தயாராகும். பின்பக்கம் ஒரு சின்ன லேப். அதில் நாங்கள் இரண்டே பேர், நானும் அவனும். எம்.எஸ்சி.யில் ஒரே வகுப்பு, ஒரே நாளில்தான் வேலைக்கும் சேர்ந்தோம். நான் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவேன். அவன் செவ்வாப்பேட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாக பைக்கில் வருவான். என் டிபன் டப்பாவிலிருந்து அவன் எடுத்துத் தின்ற கருவாட்டுக் குழம்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

லேபில் எங்கள் வேலை பெரோவ்ஸ்கைட் என்கிற புதுவகைப் பேனல். பெயர்தான் வாயில் நுழையாதது, செய்முறை சமையல் மாதிரிதான். மஞ்சள் நிறத்தில் ஈய உப்பு ஒன்று, வெள்ளை நிறத்தில் இன்னொரு உப்பு. இரண்டையும் கரைத்துக் கண்ணாடி மேல் மெல்லிசாகப் பூசி ஹாட் பிளேட்டில் வைத்தால், கண்ணெதிரே மஞ்சள் போய்க் கன்னங்கரேல் என்று ஆகும். அந்தக் கருப்புதான் வெயிலை வாங்கிக் கரண்டாகக் கொடுக்கிறது. ஆனால் ஈரக்காற்றும் சூடும் பட்டால் வந்த வழியே திரும்பிப் போய் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் அது வெறும் கண்ணாடி, குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதுதான். எங்கள் ஊரோ ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. இங்கே ஐப்பசியில் அப்பளம்கூட நமுத்துப் போகும்.

அதனால்தான் லேபை அடைத்துப் பூட்டி, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்க ஒரு மெஷினை வைத்திருந்தோம். கம்பெனி எலக்ட்ரிக்கல் மேஸ்திரி அதை டிரையர் என்பார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அது நிற்காமல் ஓட வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோரும் போடுகிற வெள்ளை உப்பைத்தான் நாங்களும் போட்டோம். மெத்தில் அமோனியம் என்று பெயர். சட்டென்று கருக்கும், அதே வேகத்தில் சூட்டில் பறந்தும் போகும். நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபார்மமிடினியம் என்கிற வேறு உப்பை எடுத்தேன். அது சூடு தாங்கும், பழையது தவறவிடுகிற சிவப்பு வெளிச்சத்தையும் பிடிக்கும். அதனால் அதே வெயிலில் கரண்ட் கூடும். ஆனால் அதைத் தனியாக விட்டால் தானாகவே மஞ்சளாகிற புத்தி அதற்கு உண்டு. அதைப் பிடித்து நிறுத்தச் சீசியம் கொஞ்சம் சேர்த்தேன். எவ்வளவு சேர்த்தால் நிற்கும், எவ்வளவு சேர்த்தால் கெடும் என்று பார்த்துப் பார்த்து, எத்தனை கண்ணாடியைக் குப்பையில் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றையும் மாற்றினேன். கருப்பு அடுக்கில் பிறக்கிற கரண்டை வாங்கிக் கடத்த அதையொட்டி ஒரு அடுக்கு வேண்டும். பழைய வழக்கப்படி அதில் லித்தியம் உப்பு சேர்ப்பார்கள். சேர்த்தால் முதல் நாள் மீட்டரில் எண் நன்றாக ஏறும். ஆனால் அந்த உப்பு, சமையலறை உப்பு ஜாடி மழையில் நீர்த்துக்கொள்வது போல, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பக்கத்திலிருக்கிற கருப்பின் தலையில் கொட்டும். "இந்த ஊருக்கு அது வாணாம்" என்று ஒதுக்கிவிட்டு, லித்தியமே இல்லாத, கண்ணுக்கே தெரியாத மெல்லிய அடுக்கு ஒன்றைப் பிடித்தேன். பழைய கலவையைவிட என்னுடையது அதிகக் கரண்ட் கொடுத்தது, கொடுத்துக்கொண்டும் இருந்தது. அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன், கால் வலியே தெரியவில்லை.

முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார், எந்தக் கலவை நிற்கிறதோ அதை வைத்து ஒரு புது லைன் போடுவோம், அந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர்தான் அந்த லைனைப் பார்த்துக்கொள்வார் என்று. நான் வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டேன். திரும்பி வந்தபோது கலவை அவனுடையதாகியிருந்தது. முதலாளியிடம் அவனே போய்ப் படம் போட்டுக் காட்டிவிட்டான். "நான் யோசிச்சது, அவங்க ஹெல்ப் பண்ணாங்க." ஹெல்ப்! அந்த வார்த்தை இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. லேபுக்கு அவன் தலைவன். நான் அவனிடம் போய், "டேய், இன்னாடா இது?" என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

"ஆபீஸ்ல சார்னு கூப்புடு."

நான் முதலாளியிடமும் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "ரெண்டு பேரும் ஒரே லேப் தானம்மா, யார் செஞ்சா இன்னா? சண்ட போட்டுக்கினு இருந்தா வேலை எப்பிடி நடக்கும்?" என்றார். அடுத்த வாரமே சண்டையை நிறுத்த வழி கண்டுபிடித்தார்கள், என்னைக் கண்ணாடி கழுவுகிற பகுதிக்கு மாற்றினார்கள். மாற்றச் சொல்லிக் கேட்டது அவன்.

வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள். "இன்னாடி மூஞ்சி இப்டி கீது? யாரு இன்னா சொன்னா?" சொன்னேன். அம்மாவுக்குப் பெரோவ்ஸ்கைட்டும் தெரியாது, லித்தியமும் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம கொழம்ப துன்னவனா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவன் நல்லாவே இருக்க மாட்டான். வெளங்காம பூடுவான்" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். எனக்கு அது போதவில்லை. நல்லாயிருக்க மாட்டான் என்றால் எப்போது? நான் பார்க்க வேண்டும். எல்லோர் எதிரிலும், அவன் வாயாலேயே, இது அவளுடையது என்று அவன் சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன்.

லேபை விட்டு வரும்போது என் கலவையில் கடைசியாகச் செய்த சின்னத் தகடுகள் சில இருந்தன. அவற்றைக் கழிவில் போடச் சொன்னான். கழிவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவளே நான்தான். "இது எனக்குச் சோதனைக்கு வேணும்" என்று அவன் எதிரிலேயே சொல்லி எடுத்து வந்தேன். அவன் தோளைக் குலுக்கினான்.

கழுவுகிற பகுதி எப்போதும் ஈரம்தான். தொட்டியில் வெந்நீர், பிரஷ், ஆவி. அங்கே வேலை செய்கிற பெண்களின் கை விரல்கள் சாயங்காலத்தில் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். நான் தகடுகளில் சிலவற்றை முறையாக ஓரம் அடைத்து ஜன்னலுக்கு வெளியே கட்டி, அதிலிருந்து ஒரு சின்ன ஃபேனை ஓடவிட்டேன். ஒரு தகட்டை மட்டும் வேண்டுமென்றே அடைக்கவில்லை. ஈயம் உள்ள சாமான் என்பதால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று எழுதி, தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியில் ஆவி படும் இடத்தில் வைத்தேன். லேபில் காசைக் கொட்டி உலர்த்திய காற்றில் வளர்ந்தது இங்கே என்ன பாடுபடுகிறது என்று பார்க்கலாம் என்றுதான்.

"இன்னாக்கா, கல்லுக்கு ஆவி புடிக்கிறியா?" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். பிற்பகலில் ஃபேன் காற்று மேலே பட்டதும் கிண்டல் நின்றது. மேகம் மூடினால் ஃபேன் மெதுவாகும், வெயில் வந்தால் வேகமாகும். "அக்கா, ஒன் ஃபேனு மூட் அவுட்டு" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அடைக்காத தகட்டின் ஓரம் மட்டும் லேசாக மங்கியது. மற்றபடி கருப்பு கருப்பாகவே இருந்தது.

இதற்கிடையில் அந்தப் பக்கச் செய்தியும் எனக்கு வந்துகொண்டிருந்தது. புது லைனுக்குப் பணம் போட வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வரப்போகிறார்கள், அவன் பெரிய பேனல்கள் செய்கிறான் என்று. கருப்பு அடுக்கு அப்படியே என் கலவை. ஆனால் முதல் நாள் மீட்டரில் எண் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று அதன் மேல் பழைய லித்தியம் அடுக்கைக் கொண்டுவந்து போட்டிருந்தான். அவன் காலேஜில் ப்ராஜெக்ட் செய்தது அந்த அடுக்கில்தான், கை பழகியது. திருடத் தெரிந்தவனுக்குத் திருடியதை முழுசாக எடுக்கத் தெரியவில்லை. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று ஆனது, பொய் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பேட்டையில் அன்றைக்கு மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் கம்பெனியில் அதற்கு அதிகாரி எலக்ட்ரிக்கல் மேஸ்திரிதான். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், பெரியவர் சின்னவர் எல்லோரையும் நைனா என்பார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு, பொட்டு வைத்த மெஷின் மறுபடி தேங்காய் உடைக்கிற வரைக்கும் ஓடக் கூடாது. "அம்மா வந்து உக்காந்துக்கினு கீறா. அவ மேல சுச்சு போடுவியா நைனா?" என்பார்.

முந்தின வருஷங்களில் டிரையருக்காக அவரோடு வாதாடுவது நான்தான். "உங்க ஊட்ல ஃபிரிட்ஜுக்குப் பொட்டு வெக்கிறீங்களே, அத்த ஆஃப் பண்ணிட்டா வெக்கிறீங்க?" என்று கேட்டேன் ஒரு தடவை. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது ஓடிக்கினே இருக்கும், அம்மா ஜில்லுனு உக்காந்துக்குவா" என்றார். அதிலிருந்து, நான் போய்க் கேட்டால், டிரையருக்கு மட்டும் ஓடும்போதே பொட்டு.

இந்த வருஷம் லேபில் நான் இல்லை. கழுவுகிற பகுதியில் எல்லாவற்றையும் துடைத்து முடித்துவிட்டு நான் அந்தப் பக்கம் போனேன். அவன் பட்டு வேட்டி கட்டியிருந்தான். பேனல்களை வரிசையாக மேஜையில் சாத்தி, நடுவில் சாமி படம். பேனல்களின் ஓரத்தை இன்னும் அடைக்கவில்லை. முதலாளியின் மனைவி ஆரத்தி காட்ட வரும்போது பேனல்கள் அங்கே நிற்க வேண்டும் என்று அவசரத்தில் எடுத்து வைத்திருந்தான். ஓரம் அடைக்கிற மெஷினுக்கோ மேஸ்திரி அப்போதே பொட்டு வைத்துவிட்டார். இனி லீவு முடிந்து திங்கள்கிழமைதான் ஓடும். டிரையரை ஓடவிடச் சொல்லி இந்தத் தடவை லேபிலிருந்து யாரும் கேட்காததால், மேஸ்திரியின் கை அடுத்து அதன் சுவிட்சுக்குப் போனது.

எனக்கு அவன் மேல் எவ்வளவு வன்மம் இருந்தாலும், அந்தக் கருப்பு என்னுடையது. அதனால் வாயைத் திறந்தேன். "டிரையர ஆஃப் பண்ண வுடாதீங்க. மேல லித்தியம் போட்டுக்கீறீங்க, ஓரமும் அடைக்கல. லீவு முடியறதுக்குள்ள போய்டும்."

அவன் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "மேடம், நீங்க கிளாஸ் கழுவுற வேலைய மட்டும் பாருங்க. லேப நான் பாத்துக்கறேன்." பிறகு மேஸ்திரியிடம், "வழக்கப்படி செய்ங்க, சாமி விஷயத்துல எதுக்கு வம்பு?" என்றான். முதலாளியின் மனைவி உள்ளே வந்துகொண்டிருந்தார். மேஸ்திரி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். டிரையரின் இரைச்சல் நின்றது. அதன் நெற்றியில் சந்தனம் ஏறியது.

சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

லீவு முழுக்க மழை. நான் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பெய்யி, நல்லாப் பெய்யி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தோடு வெளியே வந்தாள். "இப்பதான் நாத்து நட்டுக்கீது, மூழ்கிப் பூடும். ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். மூழ்கினால் மூழ்கட்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தக் கொழம்புக்காரன் விஷயமா?" என்றாள். தலையாட்டினேன். அம்மா வானத்தைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கி வேணா பெய்யட்டும்" என்று சொல்லி உள்ளே போனாள்.

திங்கள்கிழமை காலையில் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்தப் பெண்மணிதான் கேள்வி கேட்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது. முதலாளி அவர்களை முதலில் கழுவுகிற பகுதிக்குக் கூட்டி வந்து, பழைய லேப் ஆள் என்று என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு லேபுக்குப் போனார். மேஸ்திரி வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு நின்றார். பேனல்கள் மேல் சிவப்புத் துணி. அவன் சிரித்த முகமாகத் துணியை இழுத்தான்.

மஞ்சள். ஓரமெல்லாம் அசல் மஞ்சள், நடுவில் மட்டும் திட்டுத் திட்டாகக் கருப்பு, வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசியவள் முகம் கழுவ மறந்த மாதிரி. அவன் அடுத்த பேனலைத் திருப்பினான். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததைத் திருப்ப அவன் கை வரவில்லை.

"இன்னாப்பா இது?" என்றார் முதலாளி.

நான் ஒன்றும் பேசுவதாக இல்லை. நின்று பார்த்து மனம் குளிரத்தான் போயிருந்தேன், சத்தியமாக. ஆனால் அவன் கையை நீட்டி மேஸ்திரியைக் காட்டினான். "டிரையர ஆஃப் பண்ணிட்டாரு சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"நைனா..." என்று ஆரம்பித்த மேஸ்திரி கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பியதும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"அடப்பாவி!" என்றேன். வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை. "ஆஃப் பண்ண வுடாதேன்னு நான் இதே எடத்துல நின்னு சொன்னேன். வழக்கப்படி செய்யின்னு நீதானே சொன்ன? ஒங்க ஊட்டம்மா அப்பதான் ஆரத்தி காட்ட உள்ள வந்துக்கினு இருந்தாங்க சார், கேட்டுப் பாருங்க."

முதலாளி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண்மணி பேனலின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "மேல் அடுக்குல என்ன உப்பு சேர்த்தீங்க?" என்று அவனைக் கேட்டார்.

"லித்தியம் மேடம்."

"கடல் பக்கத்துலயா? ஏன்?"

காலேஜில் வைவா நடக்கும்போது பதில் தெரியாவிட்டால் அவன் என்னைத்தான் பார்ப்பான். நான் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுப்பேன். இப்போதும் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தான். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். அவன் நெற்றி வியர்வையில் குங்குமம் இறங்கி மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. ஆகா, அதைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தேன்.

"என்கூட வாங்க" என்று எல்லோரையும் கழுவுகிற பகுதிக்குக் கூட்டிப் போனேன். மழை விட்டு வெளிறிய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஃபேன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு மேலிருந்து டப்பாவை எடுத்துக் கையுறை போட்டுத் திறந்து காட்டினேன். அடைக்காத தகடு, இத்தனை நாள் ஆவியில் கிடந்தது, ஓரம் மங்கி நடுவில் கருப்பாக இருந்தது. அந்தப் பெண்மணி மீட்டரைக் கேட்டார். வைத்துப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கலவை யாரோடது?" என்றார்.

முதலாளி அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். கழுவுகிற பெண்கள் பிரஷை வைத்துவிட்டு நின்றார்கள்.

"அவங்களுது" என்றான்.

"கேக்கல" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், போதும்மா என்பது போல. எனக்குப் போதவில்லை.

"அவங்களுது சார். ஃபார்மமிடினியம், சீசியம், லித்தியம் இல்லாத அடுக்கு, எல்லாமே அவங்க தேர்ந்தெடுத்தது. நான் எடுத்துக்கினேன்."

பின்னாலிருந்து ஒரு பெண், "அப்பிடிப் போடு" என்றாள். நான் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது லைன் என் கையில் வந்தது. அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, நான்தான் அனுப்ப வேண்டாம் என்றேன். எல்லோரும் அதைப் பெரிய மனசு என்றார்கள். பெரிய மனசாவது மண்ணாவது! அனுப்பினால் அவன் வேறு ஊரில் போய் நல்ல பிள்ளையாக இருப்பான், நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? முதல் நாள் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "ஏய், விடு. நாம ஒண்ணாப் படிச்சவங்க தானே" என்றான்.

"ஆபீஸ்ல மேடம்னு கூப்புடு" என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மஞ்சளான பேனல்களில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து அவன் இருக்கைக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மேஸ்திரி டிரையரை ஓடவிட்டபடியே பொட்டு வைத்தார். நான் மற்ற மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து அந்த மஞ்சள் பேனல் முன்னால் நின்றேன். அவனைக் கூப்பிட்டு, குங்குமத் தட்டைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். அதற்கும் பொட்டு வைத்தேன்.